ஈர்க்கும் எலும்புப் பெட்டியும்

புதுத் தோல் வாசம், ரப்பர் வாசம், பழைய மரத்தின் வாசம்... ஒஸ்லோ நகர நடுவில் இருந்த அந்தச் சப்பாத்துக் கடையின் நிலவறைக் கதவைத் திறந்தால் மூன்றும் ஒன்றாக முகத்தில் அடிக்கும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நகர ஓரத்துப் புருசெத்திலிருந்து காலை ரயிலில் போய், கடை திறக்கும் முன் கூட்டித் துடைப்பேன். எனக்கு எழுத்து ஓடாது. இதையும் நான் சொல்லச் சொல்லத் தம்பியின் மகள், என் பெறாமகள்தான் தட்டுகிறாள். ஆனால் பார்த்தது எதுவும் மறக்காது.

நிலவறை மூலையில் ஒரு மரப்பெட்டி. நெஞ்சளவு உயரம். கீழே ஏறி நிற்க ஒரு படி, கால் நுழைக்க ஒரு பொந்து, மேலே கண் வைக்க மூன்று துவாரங்கள். நிறை பார்க்கிற மெஷின் என்று நினைத்துத் தினமும் ஏறி நிற்பேன். முள் எங்கே என்றுதான் தெரியவில்லை...

அந்த நாட்களில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி பரமேஸ்வரியின் கடிதம் வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாதென்று அவளுக்குத் தெரியும். உறைக்குள் ஒரே ஒரு தென்னை ஈர்க்கு. தன் பாத நீளத்துக்கு முறித்தது.

ஏழு வருடப் பிரிவு. விசா கிடைத்து, தை மாதம் வர இருந்தாள். போனில் ஒன்றுதான் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, என்ரை கால் விறைச்சுதெண்டால் அடுத்த பிளேனிலை திரும்பி வந்திடுவன். சொல்லிப்போட்டன்."

விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல.

கடைக்காரி இங்கெரிடம் ஈர்க்கை நீட்டினேன். எழுபது வயது, தகப்பன் காலத்துக் கடை. அவர் நோர்வே மொழியில் சொன்னதை என் வாயால் சொல்கிறேன்.

"இது நீளம். கால் எங்கை?"

"கால் யாழ்ப்பாணத்திலை."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு நிலவறைக்குக் கூட்டிப்போய் அந்தப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். எக்ஸ்ரே மெஷினாம்! சப்பாத்தோடு காலை உள்ளே விட்டால் பச்சை வெளிச்சத்தில் எலும்பு தெரியுமாம். ஒரு துவாரம் பிள்ளைக்கு, ஒன்று தாய்க்கு, ஒன்று விற்கிறவருக்கு.

"சின்னனிலை விரலை ஆட்டி ஆட்டிப் பாத்துக்கொண்டே நிப்பன்," என்றார்.

"மனிசி வந்தாப் பிறகு இதுக்குள்ளை விட்டுப் பாப்பமே?"

"ஐயோ, கூடவே கூடாது! அந்தக் கதிர் உடம்புக்குக் கேடெண்டு நிப்பாட்டி எவ்வளவு காலம்."

"அப்ப, இது இருக்கேக்கை சப்பாத்து அளவாய் வந்ததோ?"

பெருவிரலை நிமிர்த்திக் காட்டினார். "எலும்பைப் பாத்திட்டும், தாய்மார் நுனியைப் பெருவிரலாலை அமத்திப் பாத்துத்தான் வாங்குவினம்."

சொக்ஸுக்கு ஒரு விரற்கடை கூட்டித் தரச் சொல்லி, பனிப் பூட்ஸ் வாங்கினேன்.

விமான நிலையத்தில் பரமேஸ்வரி பூட்ஸுக்குள் காலை விட்டாள். வாளிக்குள் விட்ட மாதிரி இருந்தது.

"என்னப்பா, இதுக்குள்ளை ரெண்டு பேர் குடியிருக்கலாம்!"

விசாரித்தால், அவளும் சொக்ஸுக்கென்று ஈர்க்கை ஒரு விரற்கடை நீட்டித்தான் முறித்திருக்கிறாள்.

மூன்று சோடி சொக்ஸ் போட்டு, பனிக்குள் டொக்கு டொக்கென்று நடந்தாள். ரயிலில் எனக்கு முன்னால் இருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்... வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றி, விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்.

"விறைக்கேல்லை," என்றாள்.

நான் அந்தப் பூட்ஸை எடுத்து வாசலில் நேராக வைத்தேன்.

அடுத்த கிழமை கடைக்குக் கூட்டிப்போனேன். இங்கெர் குனிந்து பூட்ஸ் நுனியை அமத்தினார். பெருவிரல் அப்படியே உள்ளே போயிற்று. அவர் முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சொல்லாமல் அவரும் ஓர் அளவு கூட்டித் தந்திருக்கிறார்! பரமேஸ்வரி நிலவறைப் பெட்டியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரே இருட்டு," என்றாள்.

அந்தக் கடை இப்போது இல்லை. பெட்டி எங்கே போனதோ...

இன்று பெறாமகள் தன் காலுக்கு மேலே போனைப் பிடிக்கிறாள். அளவு தானாக வருகிறது, மூன்றாம் நாள் சப்பாத்தும் வருகிறது. கால் இருக்கிறது, கடைதான் இல்லை.

நேற்றும் ஒரு சோடி வந்தது. அவள் போட்டுக்கொண்டு நிற்க, பரமேஸ்வரி குனிந்து நுனியைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள்.

"ஒரு விரற்கடை கூட்டி எடுத்திருக்கலாம் பிள்ளை."