ஹாலில் மூன்றடிக் கடல்

மீன் வளர்க்கச் சொன்னவர் டாக்டர். கடல் மீன் வளர்க்கச் சொன்னது அவர் இல்லை, என் திமிர்.

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன் நான். ஒயர், சுவிட்ச், மோட்டார், ஃபேன். மோட்டாரைத் தண்ணீரில்லாமல் ஓடவிட்டுக் கருக்கி எடுத்துக்கொண்டு வந்து, "வாங்கும்போதே இப்டிதாங்க இருந்துச்சி" என்று சாதிப்பவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கடையில் செலவழித்தது போக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவேன். நான் குரலை உயர்த்தப் போகிறேன் என்று தெரிந்ததும் என் மனைவி வாயே திறக்கமாட்டாள். நேரே போய்த் தெருப்பக்கத்து ஜன்னலின் இரண்டு கதவுகளையும் சாத்துவாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது. சாத்திவிட்டு வந்து, இனி நீங்கள் ஆரம்பிக்கலாம் என்பதுபோல நிற்பாள். இருபது வருஷமாக இதுதான் நடைமுறை. விளக்கேற்றும் நேரத்தில் கொசுவுக்காகக் கதவைச் சாத்துவதுபோல அதுவும் ஒரு வீட்டுவேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

என் அண்ணனும் இதே ரகம். சரக்கு இறக்க வந்த லாரிக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தவர் அப்படியே கல்லாவில் சாய்ந்தார். எழவில்லை. அவர் சாய்ந்த வயதை நான் தொட்ட வருஷம், ஒரு நாள் கடையில் கத்தி முடித்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணனைப் பார்த்த அதே டாக்டரிடம்தான் போனோம். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் அடித்துப் பார்த்தார்.

"மாத்திரை பாதிதான் வேலை செய்யும். மீதிய நீங்கதான் செய்யணும். ஒரு மீன் தொட்டி வாங்கி வைங்க. தெனம் அரை மணி நேரம் அதும் எதிர்ல சும்மா உக்காருங்க. கத்தறத உடுங்க. உடலேன்னா உங்க அண்ணன் கதைதான்" என்றார்.

ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும்வரை என் மனைவி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள். மறுநாள் பரணிலிருந்து அவள் அம்மா வீட்டுச் சீராக வந்த செம்புக் குடம் இறங்கியது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தாள். செம்பில் ஊறிய தண்ணீரை வெறும் வயிற்றில் குடித்தால் பிரஷர் இறங்கும் என்று யாரோ சொன்னார்களாம். தினமும் காலையில் ஒரு சொம்பை நீட்டுவாள். மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு இவற்றோடு இதுவும் ஒரு தொல்லை என்று மடக் மடக்கென்று குடித்து வைப்பேன்.

டாக்டரின் கிளினிக்கிலேயே ஒரு தொட்டி இருந்தது. அதில் நாலு நன்னீர்க் கப்பி மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அதைப்போல ஒன்றை வாங்கி வைத்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் கடையில் யாரோ போனில் காட்டிய வீடியோவில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீனைப் பார்த்துவிட்டேன். வைத்தால் அதைத்தான் வைப்பது என்று முடிவு செய்தேன். கடலுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்டால் கத்துவேன் என்று யாரும் கேட்கவில்லை.

சென்னை கொளத்தூரில் ஒரு மீன்கடைக்காரர் எனக்கு வாய்த்தார். கடைசிவரை என்னிடம் குரலை உயர்த்தாத மனிதர். அதனாலேயே அவர்மீது எரிச்சல் வந்தது. மூன்றடித் தொட்டி, வாளியில் கடல் உப்பு, உப்பின் அளவைப் பார்க்க ஒரு கருவி, தண்ணீரை நுரைக்கவைத்து அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் சில்லர் என்றார். தண்ணீரைக் குளிரவைக்கும் பெட்டி. "உங்க ஊர் வெயிலுக்கு இது இல்லாம முடியாது சார்."

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைவிட அது விலை அதிகம். மீனுக்கு ஏசியா என்று சிரித்தேன். "ஃபேன் விக்கிறவன்கிட்டயே சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"ஃபேன் வச்சாலும் சூடு குறையும் சார். ஆனா தண்ணி வேகமா வத்தும். உப்பு வத்தாது, தண்ணி மட்டும்தான் வத்தும். அதனால உப்பு போடாத தண்ணிய தினம் ஊத்தி ஈடு கட்டிக்கினே இருக்கணும்" என்றார். ஊற்றினால் போயிற்று என்றேன். தொட்டிக்குள் நீரோட்டத்துக்கு அவர் காட்டிய பம்பையும் வேண்டாம் என்றுவிட்டேன். பம்பைப் பற்றி எனக்கே பாடமா?

கிளம்பும்போது ஒன்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். "செம்பு மட்டும் உள்ள போகக்கூடாது சார். மீன் தாங்கும். இறால், நத்தை எதுவும் தாங்காது." அது மட்டும் மனதில் ஆணியடித்தது போலப் பதிந்தது. என் கடையில் செம்பைத் தவிர வேறென்ன இருக்கிறது?

பார்சல் வந்திறங்கிய அன்று என் மனைவி வாளியைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது? மீன் வாங்கியாறேன்னு போயிட்டு உப்ப வாங்கினு வந்துக்கிறீங்க? உப்பு நம்ம வூட்லயே கெடக்குதே!"

"அது வேற, இது வேற."

"உங்களுக்கு உப்பே ஆவாதுன்னுக்கிறாரு டாக்டரு. நீங்க ஹால் பூரா உப்பக் கொட்டி வச்சிக்கினு..." என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

கடையிலிருந்த, ஏர்கூலருக்குள் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒன்றைத் தொட்டிக்குள் போட்டேன். ஜோராக ஓடியது. நாலே நாளில் அதன் திருகாணிகளிலிருந்து துரு கிளம்பித் தண்ணீர் சுக்குக் காப்பி நிறத்துக்கு வந்தது. அவ்வளவு தண்ணீரையும் வெளியே கொட்டிவிட்டுக் கொளத்தூருக்குப் போன் போட்டு அந்தப் பம்பையே அனுப்பச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

தொட்டிக்குள் அடுக்கப் பவளக் கல் வேண்டுமென்றார். கல்லுக்கா பஞ்சம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்கு ஏறினேன். வெள்ளிமலைக்குப் போகும் வழியில் ஓர் ஓடையில் இறங்கிக் கோணி நிறையக் கல் பொறுக்கி வந்தேன். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் கோணி ஒரு பக்கமாகச் சாய, ஒவ்வொரு வளைவிலும் யாரையாவது திட்டினேன். திட்ட யாரும் இல்லாத வளைவில் மலையைத் திட்டினேன்.

பிறகு தெரிந்தது, தண்ணீர் பக்குவப்பட ஒரு மாதம் மீனே விடக்கூடாதாம். டாக்டர் சொன்ன அரை மணி நேரம் உப்புத் தண்ணீரையும் கருங்கல்லையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மீன் எங்கே என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏம்பா, இவ்ளோ உப்புல போட்டா கருவாடா ஆயிடாதா?" என்றார். அவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கடலைப் பற்றி விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஆவாதுன்ற" என்று எழுந்து போனார்.

ஒருவழியாக இரண்டு ஆரஞ்சு மீன்கள் வந்தன. கூடவே ஓர் இறால். முதுகில் சிவப்பு, நடுவில் வெள்ளைக் கோடு, நீள மீசை. மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்வது அதன் தொழிலாம். மீன்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் என்னை உட்காரவைத்தது அந்த இறால்தான். கையைத் தண்ணீருக்குள் நீட்டினால் தயங்கித் தயங்கி ஏறிவந்து நகக்கண்ணைச் சுத்தம் செய்யும். செம்புப் பயத்தில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, பலமுறை அலசிய பிறகுதான் கையை விடுவேன். கை அசையாமல் இருந்தால்தான் அது வரும். கை அசையாமல் இருக்க மூச்சு நிதானமாக வேண்டும். மூச்சு நிதானமானால் கோபம் எங்கே வரும்? இறால் வந்த முதல் மூன்று வாரமும் ஜன்னல் பகலெல்லாம் திறந்தே கிடந்தது. டாக்டரின் கருவியிலும் அழுத்தம் இறங்கியிருந்தது. என் மனைவி கிளினிக் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் கடையில் இருக்கும் நேரத்தில் வற்றிய தண்ணீரை ஈடுகட்டும் வேலை அவளுடையது. கேன் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஃபேன் காற்றில் தினமும் அரைக் குடம் காணாமல் போகும். அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

நாலாவது வாரம் இறால் மல்லாந்து கிடந்தது. மீன்கள் இரண்டும் ஒன்றுமே நடக்காததுபோல நீந்திக்கொண்டிருந்தன.

இன்னொன்று வரவழைத்தேன். அது ஐந்து நாள் தாங்கியது. அவ்வளவுதான், பழைய ஆள் ஆகிவிட்டேன். மலைக் கற்களை அள்ளித் தெருவில் கொட்டினேன். கேன் போடும் ஆளை வாசலில் நிறுத்திக் கத்தினேன். "சார், அதே தண்ணியதான் ஊரே குடிக்குது" என்று அவர் அழாக்குறையாகச் சொன்னார். கொளத்தூர்க்காரரிடம் போனில் கத்தினேன். அவர் பொறுமையாக, "செம்பு இருக்கான்னு பாருங்க சார்" என்றார். ஒவ்வொரு தடவையும் பின்னால் ஜன்னல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அடுத்த மாதம் டாக்டர் கருவியைப் பார்த்துவிட்டு என்னிடம் பேசாமல் அவளிடம் பேசினார். வீட்டுக்கு வந்ததும் அவள் சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீரில் செம்பைக் கண்டுபிடிக்கும் மருந்து கூரியரில் வந்தது. தொட்டித் தண்ணீரில் விட்டேன். நிறம் மாறியது, செம்பு இருக்கிறது. கேன் தண்ணீரில் விட்டேன், இல்லை. நான் கை கழுவிய கடைசி அலசல் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. பிறகு எங்கிருந்து வருகிறது? எந்தப் படுபாவி என் தொட்டியில் செம்பைக் கலக்கிறான்?

ஞாயிற்றுக்கிழமையிலும் கடை திறப்பவன், அந்த ஞாயிறு மட்டும் லீவு விட்டேன். காலையில் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து இடுப்பில் குடத்தோடு வந்தாள். வழக்கம்போல எனக்கு ஒரு சொம்பு ஊற்றி வைத்தாள். மிச்சத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள். நிதானமாக, ஒரு சொட்டு கீழே சிந்தாமல் ஊற்றினாள். காலை வெயிலில் குடம் தகதகவென்று மின்னியது.

"அது இன்னா குடம்?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"கேன் தண்ணிதாங்க. ராத்திரியே புடிச்சி இதுல ஊத்தி வச்சிடுவன். உங்களுக்கும் அதுங்களுக்கும் ஒண்ணாவே."

"செம்பு ஆகாதுன்னு உங்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொளத்தூரில் கேட்டுவந்ததை வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவேண்டிய ஆள் அவள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. செம்பு என்றால் என் கடை, என் கை, என் தொழில் என்றே இருந்துவிட்டேன். சில்லர் வாங்கியிருந்தால் இத்தனை தண்ணீர் வற்றியிருக்காது. தண்ணீர் வற்றியது, செம்பு வற்றவில்லை. தினம் தினம் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. குடத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க நல்லா இருக்கணும்னுதான் உங்களுக்கு ஊத்தறன். நீங்க நல்லா இருக்கணும்னா அதுங்க உசுரோட இருக்கணும். அதான் அதுங்களுக்கும் ஊத்தினேன்" என்றாள்.

நெஞ்சுக்குள் அந்தப் பழைய சூடு ஏறியது. பொய் சொல்லமாட்டேன், வாய் திறந்துவிட்டது. ஆனால் அதற்குள் அவள் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு நடந்தாள். எங்கே போகிறாள் என்று பார்த்தேன். ஜன்னலுக்குப் போனாள். ஒரு கதவைச் சாத்தினாள். நான் இன்னும் ஒரு வார்த்தை கத்தியிருக்கவில்லை. இருபது வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் நடந்துபோவதை முழுசாகப் பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சாத்தாத" என்றேன். "இங்க வந்து உக்காரு."

சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அவள் வரவில்லை. இரண்டாவது கதவில் கை வைத்தபடியே, நான் குடித்து முடிக்கும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.