கூடத்துக் கணினிக்கு வைத்த இலவசக் காவல்

இன்று காலை மகளின் மடிக்கணினியைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சிவப்புக் கட்டம் எட்டிப் பார்க்கிறது. உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறதாம். ஒரு பொத்தானை அழுத்தினால் இலவசமாகவே காப்பாற்றுவார்களாம். முன்பின் தெரியாதவர்களுக்கு நம் மேல் இருக்கிற அக்கறையை நினைத்தால் கண் கலங்கிவிடுகிறது.

இந்தக் கருணைக்கு நான் பழைய வாடிக்கையாளன். பாறசாலைப் பக்கம் எங்கள் தெருவில் முதல் கணினி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. கூடத்தில் வைத்து, தூசி படாமல் அம்மா தோளில் போடும் பழைய நேரியது ஒன்றைப் போர்த்தியிருப்போம். துணியை விலக்கியதும் சூடான பிளாஸ்டிக்கும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாசனை வரும். பூச்சி அண்டக் கூடாதென்று அம்மா அந்த உருண்டைகளைக் கணினிக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டின் முதல் வைரஸ் தடுப்பு அதுதான்.

இரண்டாவதைக் கொண்டுவந்தவன் என் சிநேகிதன் சகாயம். பூவார்க்காரன். அவன் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவன் மட்டும் நெய்யாற்றின்கரையில் கணினி பழுது பார்க்கும் கடை போட்டிருந்தான்.

"வைரஸ் ஒண்ணும் கிட்ட வராது மக்கா. எல்லாம் ஃப்ரீயாக்கும்" என்று சிடியைச் செருகினான். கூடவே இன்னொன்றும் உண்டு என்றான். யார் எதைத் தட்டினாலும் அது திரையைப் படம் பிடித்து ஒளித்து வைக்குமாம். எனக்குத் தம்பி மேல் சந்தேகம். அவன் கண்ட கண்ட விளையாட்டுகளை இறக்கித்தான் கணினி மந்தமாகிறது என்று நம்பினேன். அதையும் போடச் சொன்னேன். வீட்டு ஆட்களை உளவு பார்ப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்துவிட்டால் மனசு உறுத்துவதே இல்லை.

அப்பாவுக்கு இது தெரியாது. அமரவிளை செக்போஸ்டில் லாரிகளின் காகிதம் பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் நானும் தம்பியும் வெளியே கிளம்பியதும் வைரஸ் ஸ்கேன் போட்டுவிட்டு, கோப்புகளின் பெயர் ஓடுவதை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பியைக் கையும் களவுமாகப் பிடிக்கிற உற்சாகத்தில் ஒளித்த படங்களைத் திறந்தேன். படுபாவி, நான்கு இடத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். மற்றவை எல்லாம் காலை நேரத்தில் எடுத்த படங்கள். எழுத்துப் பிழை நிறைந்த ஆங்கிலத்தில், மூத்திரத்தில் ரத்தம் வருவது ஏன் என்று யாரோ தேடியிருந்தார்கள். மறுநாளும் அதே. மூன்று வாரமாக அதே. கடைசிப் படத்தில், இது வந்தவர் எவ்வளவு நாள் இருப்பார் என்ற கேள்வி. காலையில் வீட்டில் கணினியைத் தொடுகிறவர் ஒருவர்தான்.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்க எனக்கு வரவில்லை.

"அப்பா, எத்தன நாளா ரத்தம் போவுது?"

பேப்பர் இறங்கவில்லை. "ஒனக்கு ஆரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்ல பாத்தேன்."

பேப்பரை மடித்து மடியில் வைத்தார். "அப்பம், நான் அதுக்க முன்னால இருக்கும்போ நீ என்னையாக்கும் பாத்துட்டு இருந்த."

"தம்பிக்காகப் போட்டதுப்பா."

"செரி. அம்மைக்குத் தெரியண்டாம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாறேன்."

சிறுநீர்ப்பையில் கட்டி. திருவனந்தபுரத்தில் எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் நாள் கடத்தியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். சகாயத்துக்குத் தாங்க முடியாத பெருமை. அந்த உளவுச் சாதனத்தை அழிக்கச் சொன்னபோது, உயிர் காத்த சாமியைக் கிணற்றில் போடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தான். அழித்துவிட்டோம் என்று அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் கணினிக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் அவர் மறுபடி உட்காரவே இல்லை.

அந்தக் கணினி எப்போதோ பழைய சாமான்காரனோடு போய்விட்டது. இப்போது வீட்டில் நான்கு பேர், ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பூட்டு. கூடத்தில் எல்லோரும் தொடுகிற பொருள் என்று மின்விசிறி சுவிட்ச் மட்டும்தான் மிச்சம். போன மாதம் முதல் எனக்கு இடது பக்கம் ஒரு வலி. எட்டு நாள் தொடர்ந்து போனில் தேடினேன். தேடியதை அன்றன்றே அழித்தும் விட்டேன். யாருக்கும் தெரியாது. முழுப் பாதுகாப்பில் இருக்கிறேன்.