உமி போன வழி

பிள்ளைகளே, பட்டணத்தில், இந்தக் காஜா பெராங் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது உங்களுக்கு. எனக்குத் தெரிந்த ஒரு சின்ன ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். படம் போட்டுக் காட்டத் தெரியாது. நடந்த வழியைச் சொல்லத் தெரியும்.

லேடாங் மலைச் சரிவில் அது பிறக்கிறது. காலை எட்டி வைத்தால் தாண்டிவிடலாம். சத்தம் போட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் இறங்கும், பிறகு ஒரு பாறைக் குவியலுக்கு அடியில் புகுந்து மறைந்துவிடும். மலையடியில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஓர் ஊற்று. அந்த ஊற்றுத் தண்ணீர் ஓடையாகி, கெசாங் ஆற்றில் கலந்து, கடலுக்குப் போகிறது.

மேலே மறைந்ததுதான் கீழே ஊற்றாக வருகிறதா? நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, கிடைத்து இரண்டு மூன்று வருடத்தில், அதைப் பார்த்துவரத்தான் தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்த எங்களை லோரியில் அனுப்பினார்கள். மலைத் தண்ணீர் என்றால் வற்றாது, ஊற்றருகே தொட்டி கட்டலாம். வெறும் மழைக்கசிவு என்றால் கட்ட மாட்டார்கள். சேறடைந்த ஊற்றில் குடிக்க அள்ள முடியாமல், லயத்துப் பெண்கள் பழையபடி ஒரு மைல் நடந்து குடம் சுமக்க வேண்டியதுதான். எங்களோடு வந்த மலாய்க்கார சர்வேயர் நல்ல மனிதர். ஆனாலும், சாயங்காலத்துக்குள் தெரியாவிட்டால் இல்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும் என்றார்.

ஊற்றில் வெளிவருகிறதா என்று பார்க்க, கொண்டுவந்த உமி மூட்டையில் பாதியை மேலே தண்ணீர் மறையும் இடத்தில் கொட்டிவிட்டு இறங்கினேன். ஊற்றில் ஒன்றும் வரவில்லை. மறுபடி ஏறிப் பார்த்தால், எல்லாம் பாறை இடுக்கில் மிதந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது.

சோர்ந்துபோய்க் கீழே வந்தேன். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த ஓர் அக்கா ஊற்றில் கை கழுவிக்கொண்டிருந்தார். மீதி உமியைப் பார்த்துவிட்டு, "கோழிக்கா தம்பி?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"காஞ்ச உமி மெதக்கத்தானே செய்யும். மாட்டுக்கு ஊறவைக்கிற மாதிரி சுடுதண்ணில ஊறவச்சுக் கொட்டுங்க."

அவரே பால் வாளியில் ஊறவைத்துக் கொடுத்தார். பழைய வேட்டி ஒன்றை ஊற்று வாய்க்குக் குறுக்கே கட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் மூன்றாம் தடவையாக ஏறினேன். இந்த முறை கொட்டிய உமி மூழ்கியது. தண்ணீர் இழுத்துக்கொண்டு உள்ளே போனது.

இறங்கிவந்து காத்திருந்தோம். சாயங்கால வெயில் ரப்பர் மரத்து உச்சிக்கு ஏறிவிட்டது. சர்வேயர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நோட்டுப்புத்தகத்தை மூடினார். எனக்கு அந்த அக்காவின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"தம்பி, இங்க வாங்க. ஒண்ணு ஒட்டியிருக்கு."

ஒன்றுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு, பிறகு எண்ண முடியவில்லை. சர்வேயர் ஓர் உமியை விரல் நுனியில் எடுத்து உற்றுப் பார்த்தார். நோட்டைத் திறந்து, தொட்டிக்கு இந்த இடமே போதும் என்று சொல்லி எழுதினார். அக்கா ஈரக் கையோடு லயத்துப் பக்கம் ஓடினார். சர்வேயர் லோரிக்குப் போனார்.

நான் மட்டும் நின்றேன். முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஊற்று வாயில் மண்டியிருந்த சருகையும் சேற்றையும் கையால் அள்ளி வெளியே போட்டேன்.