இஞ்ச் அக்காவின் புது டேப்

அந்தத் தெருவில் அவளுக்கு இன்னொரு பெயர் இருந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. இஞ்ச் அக்கா என்றால்தான் தெரியும். நாலு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறை. ஷட்டரைத் தூக்கினால் தையல் மெஷின், துணி வெட்டுகிற மேசை, ஆளுயரக் கண்ணாடி, திரை போட்ட ஒரு மூலை, அவ்வளவுதான் கடை. உள்ளே வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் இவள் கண் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கி மறுபடி ஏறிவிடும். 'வாங்க' என்று சொல்வதற்கு முன்னாலேயே, "கொஞ்சம் ஏறியிருக்கே" என்பாள். கேட்டவருக்குச் சுருக்கென்று இருக்கும். இருந்தாலும் அவளைவிட்டு யாரும் போனதில்லை. அவள் தைத்த துணி உடம்பில் அப்படி உட்காரும்.

அளவை எழுதிவைக்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. ஒருமுறை அளந்தால் தலைக்குள் ஏறிவிடும். பெயரை மறப்பாள், முகத்தை மறப்பாள், இடுப்பளவை மறக்க மாட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றித் தோழியிடம் சொன்னபோதுகூட அவன் நிறத்தையோ வேலையையோ சொல்லாமல் தோளளவைத்தான் சொன்னாள் என்று அவள் கணவன் இன்றைக்கும் கிண்டல் செய்வான். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். அவசரமே தெரியாத மனிதன்.

சண்டைக்கும் அவள் சளைத்தவள் இல்லை. போன வருஷம் வெட்டுகிற மேசைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வாங்கினாள். மேசையை அளந்து, நீளத்தைச் சொல்லி வாங்கிய விரிப்பு, விரித்துப் பார்த்தால் ஓரத்தில் ரெண்டு விரல் அகலத்துக்கு மரம் தெரிந்தது. கடைக்காரன் வெட்டும்போது கையை வைத்துவிட்டான் என்று தெருவே கேட்கும்படி அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டுத்தான் வந்தாள். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. இளவயதில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் காலர் மட்டும் தைத்துக்கொண்டிருந்தபோது கழுத்தில் விழுந்த மஞ்சள் டேப்தான் எப்போதும் அவளிடம் இருந்தது. அன்றைக்கு அந்த டேப் அவள் இடுப்புக்கு என்ன எண்ணைக் காட்டியதோ, நாற்பதைத் தாண்டியும் அதே எண்ணைத்தான் காட்டியது. "ஊரே பெருத்தாலும் நான் பெருக்க மாட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் வரத்தான் வந்தது. ஒருநாள் மஞ்சள் டேப்பின் முனையிலிருந்த தகரம் கழன்று விழுந்தது. எண்களும் மங்கித்தான் போயிருந்தன. பட்டன் கடையில் ஒரு வெள்ளை டேப் வாங்கி வந்தாள். புதுச் சாமான் வாங்கினால் முதலில் தனக்குத்தான் என்று திரைக்குப் பின்னால் போய் இடுப்பைச் சுற்றினாள். தூக்கிவாரிப்போட்டது. ஒரு இஞ்சுக்கு மேலேயே கூட இருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள், டேப்பை இறுக்கிப் பார்த்தாள், கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று நகர்த்திப் பார்த்தாள். டேப் மசியவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு தையல் ஓட்டுவாள், எழுந்து திரைக்குப் பின்னால் போவாள், அளந்து பார்ப்பாள், வந்து உட்காருவாள், நூல் அறுந்துபோகும், மறுபடி எழுந்துவிடுவாள். கடைக்கு ஆள் வராத நேரத்தில் மொட்டைமாடிவரை படியேறி இறங்கினாள். சாப்பாட்டில் பாதியைக் கணவன் தட்டுக்குத் தள்ளினாள், பிறகு முக்காலையும் தள்ளினாள். உட்கார்ந்தால் சதை போட்டுவிடும் என்று பயந்து நின்றுகொண்டே துணி மடித்தாள்.

"என் லிஃப்ட்ல பத்து பேர்தான் ஏறலாம்னு எழுதி ஒட்டியிருக்கு. உன்ன மாதிரி ஆளுங்கன்னா பன்னெண்டு பேர தாராளமா ஏத்தலாம். இதுல நீ எதக் குறைக்கப் போற?" என்று கேட்டான் கணவன்.

"டேப் பொய் சொல்லாதுங்க."

"நான் சொல்றேனா பொய்?"

"நீங்க மனசு வச்சுச் சொல்வீங்க. அதுக்கு மனசு கிடையாது."

ரெண்டு தெரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரி. அங்கே இருக்கிற நர்சுகள் அத்தனை பேருக்கும் உடுப்பு இவள் தையல்தான். துணி வாங்கப் போன சாக்கில் எடை மெஷினில் ஏறி நின்றாள். பெரிய நர்ஸ் முள்ளைப் பார்த்தார், இவள் உயரத்தைப் பார்த்தார். "உன் உயரத்துக்குச் சரியான எடை. ஒரு பொட்டு கூடக் குறைய வேண்டாம். போய் வேலையப் பாரு" என்றார். இவள் வெளியே வந்ததும், ஊர்ப்பட்ட பேர் ஏறி மிதித்த மெஷின், எப்போதோ கெட்டுப்போயிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டாள். அவளுடைய பழைய உடுப்புகள் எல்லாம் வழக்கமான கொக்கியிலேயே மாட்டின. அதற்கும் பதில் வைத்திருந்தாள். போட்டுப் போட்டுத் துணி நீண்டு கொடுத்திருக்குமாம். இருபது வருஷமாகத் துணியோடு மாரடிக்கிறவளுக்கு, டேப்பும் துணிதான் என்பது மட்டும் உறைக்கவில்லை.

அதே மாதத்தில் தெருவும் பெருக்க ஆரம்பித்தது. தைத்துக் கொடுத்த சட்டை மூச்சு முட்டுகிறது, கை ஏறவில்லை என்று ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். புது டேப்பால் அளந்தால் அவள் தலைக்குள் இருந்த எண்ணைவிட எல்லோருக்கும் கூடவே இருந்தது. "எனக்கே ஏறிடுச்சு, உங்களுக்கு ஏறாதா?" என்று சொல்லித் தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தாள். உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம்கூட இருந்தது, துணைக்கு ஆள் கிடைத்ததில்.

நர்ஸ் உடுப்புகளைத் தைத்துக் கொடுத்ததும் முதலில் ஓடி வந்தது சின்ன நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஒரு அறையில் தங்கியிருந்தாள்.

"போன தடவ சரியா இருந்துச்சேக்கா?"

"போன தடவ நீ சரியா இருந்த. இப்ப பாரு, ஒரு இஞ்சுக்கு மேல. சின்ன வயசு, இப்பவே அடக்கலன்னா அப்புறம் பிடிக்க முடியாது."

பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. கண்ணாடியில் தன்னைப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "நீங்க எப்படிக்கா குறைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"எல்லாம் வாயக் கட்டறதுதான்" என்றாள் இஞ்ச் அக்கா, ஏதோ பட்டம் வாங்கியவள் மாதிரி.

அதற்குப் பிறகு அந்தப் பெண் வேலைக்கு நடுவே கடைக்கு வந்து போக ஆரம்பித்தாள். அவள் வந்தால் திரை மூடும். இவளை அவள் அளப்பாள், அவளை இவள் அளப்பாள். கால் இஞ்ச் இறங்கினால் ரெண்டு பேருக்கும் தலைகால் புரியாது. இறங்காவிட்டால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டார்கள். இஞ்ச் அக்காவின் விரலில் ஊசி ஏற ஆரம்பித்தது. எப்போதும் ஏறாத ஊசி. ஒரு பாக்கெட்டைத் தலைகீழாகத் தைத்துவிட்டு, அதைக் காட்டிய வாடிக்கையாளர்மேலேயே எரிந்து விழுந்தாள். படியேறினால் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. ஆனாலும் டேப் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பழைய எண்ணுக்கு வந்தாள். வந்தும் கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஏறாமல் இருக்கும் என்று தோன்றியது.

ஒரு மத்தியானம் பெரிய நர்ஸ் ஒரு பெரிய பையோடு வந்து, அத்தனை உடுப்பையும் மேசைமேல் கொட்டினார்.

"ஒரே மாசத்துல நாங்க எல்லாரும் சேந்து குண்டாயிட்டோமா? அப்படி என்ன விருந்து சாப்பிட்டோம்?"

"ஏறியிருக்கும்மா. வேணும்னா அளந்து காட்டறேன்."

"உன் அளவ நீயே வச்சுக்கோ. அந்தச் சின்னப் பொண்ணு காலையில வார்டுல மயங்கி விழுந்துட்டா. கையில ஊசி வேற இருந்துச்சு. நல்லவேளை, கட்டில்மேல சாஞ்சா. ஏன்டி சாப்பிடலன்னு கேட்டா, இஞ்ச் அக்கா உடம்பு வச்சிட்டேன்னு சொன்னாங்கங்கிறா. அவ உடம்புல எங்க இருக்கு குறைக்கிறதுக்கு? நீதான் கண்ணாலயே அளப்பியே, உனக்குத் தெரியல?"

பெரிய நர்ஸ் பதிலுக்காக நிற்கவில்லை. அவர் போன பிறகு இவள் துணிக் குவியலை எடுத்தாள். குவியலோடு பிளாஸ்டிக் விரிப்பும் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி விரித்தாள். வழக்கம்போல ஓரத்தில் ரெண்டு விரல் மரம் தெரிந்தது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கழுத்திலிருந்த வெள்ளை டேப்பை எடுத்து மேசையை நீளவாக்கில் அளந்தாள். அவள் தலைக்குள் இருந்த எண்ணைவிட ரெண்டு இஞ்ச் கூட இருந்தது. மேசையும் பெருத்துவிட்டிருந்தது.

வெட்டுத்துணிப் பையைக் கவிழ்த்துக் கிளறி, மஞ்சள் டேப்பைத் தேடி எடுத்தாள். ரெண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு முனையில் இஸ்திரிப் பெட்டியை வைத்து, மறுமுனைவரை நீவிவிட்டாள். தகரம் போன பிறகும் மஞ்சள் டேப் வெள்ளையைத் தாண்டி வெளியே தொங்கியது. இத்தனை வருஷம் இழுத்த இழுப்பில் நீண்டுபோயிருந்தது. அவள் உடம்பு வருஷத்துக்குக் கொஞ்சமாக, எல்லோருக்கும் போல, வளர்ந்துதான் வந்திருக்கிறது. டேப்பும் கூடவே நீண்டு, அதை மறைத்து வந்திருக்கிறது. பழைய டேப்பின் எண்ணை நம்பிப் புது டேப்பால் வெட்டினால் எந்தத் துணிதான் பிடிக்காது? விரிப்புக் கடைக்காரன் முகம் நினைவுக்கு வந்தது. அதைவிட, கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்த அந்தப் பெண்ணின் முகம் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அழுது முடித்ததும் சின்ன நர்ஸின் உடுப்பை மட்டும் பிரித்து, முன்பிருந்த நிஜ அளவுக்குத் தளர்த்தித் தைத்தாள். ரெண்டு டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் நடந்தாள். நடக்கும்போதே கை தானாக இடுப்புக்குப் போனது. புது டேப்பிலேயே பழைய எண்ணுக்குக் கீழே வந்துவிட்டேன், அப்படியானால் இப்போது எப்போதையும்விட ஒல்லி என்று ஒரு எண்ணம் ஓடியது. அந்த எண்ணத்தில் கால் லேசாகிப் போனது. அது அவளுக்கே பிடிக்கவில்லை, கையை உதறிவிட்டு வேகமாக நடந்தாள்.

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் ஒரு பன்னும் மூடிவைத்த பாலும் தொடப்படாமல் இருந்தன. இஞ்ச் அக்கா ரெண்டு டேப்பையும் போர்வைமேல் விரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். "உனக்கு ஒண்ணும் ஏறல கண்ணு. என் டேப்தான் கோளாறு. நான்தான் கோளாறு. என்ன மன்னிச்சிடு."

பெண் வெளிறிய உதட்டோடு சிரித்தாள். "பரவால்லக்கா. எப்படியோ குறைஞ்சதுதானே லாபம்?" என்று சொல்லி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, ரெண்டு கையையும் தூக்கினாள். "புது டேப்லயே பாருங்க. இப்ப எவ்வளவு இருக்கு?"

இஞ்ச் அக்காவின் கை டேப்பை எடுத்தேவிட்டது. அந்தப் பெண்ணின் விலாவில் எலும்பு எண்ணுகிற மாதிரி தெரிந்தது. டேப்பைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள்.

"அளக்க மாட்டேன். இனிமே உன்ன அளக்கவே மாட்டேன். இந்தா உன் உடுப்பு, இதுதான் உன் அளவு. முதல்ல உக்காந்து சாப்பிடு."

"நீங்க விட்டுட்டீங்களாக்கா?"

"எத?"

"குறைக்கிறத."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் இடுப்பைத் தடவிக்கொண்டு வந்த கை மடியில் கிடந்தது. இந்தப் பெண்ணுக்கு முன்னால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பெண் உட்கார்ந்து பன்னைப் பிய்த்து, ஒரு பாதியை நீட்டினாள். "நீங்க சாப்பிடுங்க. அப்புறம் நான் சாப்பிடுறேன்."

பாதி பன் கையில் கனத்தது. சொல்லப்போனால், அதைத் தின்பதற்குத் தடையாக ஒரு காரணமும் மிச்சமில்லை. டேப் பொய், திடீரென்று ஏறியது பொய், ஒரு மாதப் பட்டினியும் வீண். இருந்தும் இதைத் தின்றால் எவ்வளவு ஏறும் என்று தலைக்குள் ஒரு எண் ஓடியது. பெண் தன் பாதியை வாய்க்குக் கொண்டுபோகாமல் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இஞ்ச் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் கடித்தாள். மென்றாள். விழுங்க நேரமானது, கண்ணில் தண்ணீர் வந்தது, விழுங்கினாள். கண்ணைத் திறந்தபோது எதிரே இருந்தவளும் கடித்திருந்தாள், ஓரத்தில் ஒரு சின்னக் கடி.

"இன்னொரு வாய்க்கா" என்றாள் அந்தப் பெண்.