டப்பாவில் இருந்த மருந்து

1934 மார்ச் 11, காலை ஏழேகால் மணி. என் தேனீப் பெட்டி வாசலில் செத்துக் கிடந்தவை 212. உள்ளே உயிரோடு ஒன்றும் மிச்சமில்லை.

மலாய் நாட்டு ஆயர் ஈத்தாம் ஊரில் எனக்குப் பேச்சுத்துணை அந்தத் தேனீக்களும், பக்கத்துக் கத்தரித் தோட்டத்து மாரி அண்ணனும்தான்.

"என்ன அடிச்சீங்க, அண்ணே?"

"பூச்சி மருந்துதான் தம்பி. உன் ஈயும் நோஞ்சானா தெரிஞ்சுது. பாவம்னு பெட்டியிலயும் கொஞ்சம் அடிச்சேன் லா."

"அது பாஷாணம்!"

"அப்புறம் ஏன் மருந்துங்கிறாங்க?"

இரசாயனம் படித்த நான் மருந்து டப்பாவை வாங்கிப் பார்த்தேன். டப்பாவில் விஷம் என்று இங்கிலீஷில் மட்டுமே இருந்தது.

இனிச் செய்யப்போவது:

1. டப்பாவில் 'விஷம்' என்று தமிழில் எழுதி ஒட்டுவேன்.
2. கத்தரி பூத்திருக்கும்போதும், பெட்டிப் பக்கமும் அடிக்காதீர்கள் என்று அண்ணனிடம் கத்தாமல் சொல்வேன்.
3. காலிப் பெட்டியோடு பேசுவதை நிறுத்துவேன். எப்போதாவது எட்டிப்பார்க்கும் வாசகசாலை நண்பர்கள் யாராவது அடுத்த ஞாயிறு பேச வந்தால்.