இரண்டு சுற்று கருப்பு நூல்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த சைபுதீன் பாய் தங்கமான மனிதர். யார் போய் நின்றாலும் ‘நாளைக்கு வாங்க’ என்பார். அது எந்த நாளை என்று அவருக்கே தெரியாது. தீபாவளிக்குக் கொடுத்த என் பேண்ட் பொங்கல் கழித்து வந்தது, அதுவும் ஒரு கால் நீளமாக.

எண்பத்துநாலில் கோட்டை பார்க்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன் ராஜகிரி மலை ஏறும்போது பேண்ட்டைக் கிழித்துக்கொண்டான். புதுச்சேரியில் தங்கி அரைகுறைத் தமிழ் கற்றவன். பாய் சொன்ன நாளையை நம்பி மூன்று நாள் கடையிலேயே உட்கார்ந்திருந்தான். பொழுது போகாமல் தன் ஊர் விளையாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுத்தான். பொம்மைகளை வைத்துச் சண்டை போட வேண்டும், பகடை உருட்டி வெட்ட வேண்டும், நடுவர் ஒருவர் எல்லாவற்றையும் சொல்லி நடத்த வேண்டும்.

அன்றிலிருந்து ஞாயிறு மதியம் துணி வெட்டும் மேஜைதான் கோட்டை. காலியான நூல்கட்டைகள்தான் வீரர்கள். பொம்மைக்கு முகம் வரைவது மார்க்கத்துக்கு ஆகாது என்று பாயின் மனைவி மெஹர் பானு கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் தலைக்கு ஒரு பொத்தான் ஒட்டினார்கள். கோட்டுப் பொத்தான் என்றால் தளபதி.

ஆட்டம் சூடு பிடித்ததும் யாருக்குக் காயம், யாருக்கு விஷம் என்பது யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. பாய்தான் வழி கண்டுபிடித்தார். காயம் பட்டவனுக்குச் சிவப்பு நூல், பயந்தவனுக்கு மஞ்சள், விஷம் ஏறியவனுக்குக் கருப்பு. ஒவ்வொரு முறை பகடை சுற்றி வரும்போதும் நூலில் ஒரு சுற்றைப் பிரிப்பார். கருப்பு தீர்ந்தால் ஆள் காலி.

ஒரு பக்கம் தாலுகா ஆபீஸ் அரிகிருஷ்ணன், எதிர்ப்பக்கம் அனந்தபுரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்யும் தாண்டவராயன், நடுவர் பாய். நான் வெறும் வேடிக்கை. வாரத்தில் ஆறு நாள் ஊரே நம்பாத அந்த மனிதர் வாய்க்கு அந்த மேஜையில் மட்டும் மதிப்பு இருந்தது. அந்த இரண்டு மணி நேரம் பாய் நிமிர்ந்து உட்காருவார்.

முற்றுகை எட்டு மாதம் இழுத்தது. கடைசியில் அரிகிருஷ்ணன் தளபதிக்கு விஷம் ஏறி, இரண்டே சுற்று கருப்பு மிச்சம். அவன் விழுந்தால் கோட்டை தாண்டவராயனுக்கு.

அந்த வாரம் ரம்ஜானுக்கு முன்னால் கடையைச் சுத்தம் செய்ய மெஹர் பானு வந்தாள். பொத்தானுக்குக் காஜா எடுப்பதும் ஹெம்மிங்கும் அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை கடைப்பக்கம் வரமாட்டாள் என்பதால் நூல் கணக்கு அவளுக்குத் தெரியாது. கட்டைகளில் தொங்கிய நூல்களைப் பார்த்து, இதுவும் பாயின் சோம்பேறித்தனம் என்று எண்ணி எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் கட்டைகளை வரிசையாக அடுக்கினாள்.

ஞாயிறு வந்தது. முப்பத்தோரு கட்டையும் மொட்டையாக நின்றன.

“என் தளபதிக்கு ஒன்னுமில்ல. கல்லு மாதிரி இருக்கான்” என்றான் அரிகிருஷ்ணன்.

“கருப்பு ரெண்டு சுத்து, அரி. எனக்கு நல்லா நெனப்பு இருக்குது.”

“உன் நெனப்பா பாய்? என் சட்டைய எப்பத் தரேன்ன, அது நெனப்பு இருக்குதா?”

பாய் தாண்டவராயனைப் பார்த்தார். ஜெயிக்கப் போகிறவன் அவன். அவனோ, “நீ சொல்றத வெச்சு நான் ஜெயிச்சா ஊரே சிரிக்கும் பாய்” என்றான்.

பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு கட்டையாகத் தொட்டு முப்பத்தொன்றுக்கும் நூலும் சுற்றும் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அவரே வீட்டுக்குப் போய் மனைவியை அழைத்து வந்தார்.

“கோட்டுப் பொத்தான் வெச்சதா?” என்றாள் மெஹர் பானு. “கருப்பு. ரெண்டு சுத்து. நாந்தான வெட்னேன்.”

“பாயம்மா சொன்னா சரி” என்று அரிகிருஷ்ணன் உடனே ஒப்புக்கொண்டான்.

“அதத்தானே நானும் சொன்னேன்?” என்றார் பாய்.

“சொன்ன, சொன்ன. யாரு இல்லன்னா?” என்ற தாண்டவராயன் மெஹர் பானு பக்கம் திரும்பினான். “அந்த மஞ்சள் எத்தினி சுத்து பாயம்மா?”

முப்பத்தொன்றையும் அவள் சொன்னாள். ஒன்றுகூட பாய் சொன்னதிலிருந்து மாறவில்லை. அன்றைக்கே அவளை நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள். பாய் எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்து, துணி எதுவும் வைக்காமல் மிதித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. போன ஞாயிறு அந்தக் கருப்பு நூல் இரண்டு சுற்று இருந்ததை நானும் என் கண்ணால் பார்த்திருந்தேன். வாயைத்தான் திறக்கவில்லை.