கம்பிக்காரர் போகாத வேலை

கம்பிக்காரரிடம் கிதாருக்குக் கம்பி கேட்டுப் போனால் முதலில், "கையைக் காட்டுங்க" என்பார். ஜோசியக்காரரோ என்று நானே ஒருமுறை பயந்தேன். விரல் நுனி மென்மையாக இருந்தால் மெல்லிய கம்பி, காய்த்துப்போயிருந்தால் தடித்தது. பிறகுதான் கிதார் எந்த வகை என்ற விசாரணை. கிளாசிக்கலுக்கு நைலான், அக்குஸ்டிக்குக்கு வெண்கலம் சுற்றிய எஃகு, எலெக்ட்ரிக்குக்கு நிக்கல். மாற்றிக் கேட்டால் மனுஷருக்கு முகம் சுருங்கிவிடும்.

கடை அவருடையதல்ல, மனைவியின் அண்ணனுடையது. கல்யாணமான புதிதில், "ஒரு மாசம் கூடமாட இருங்க மாப்ளே" என்று உட்கார வைத்தவர். பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. கம்பி எண்ணுகிறார் என்று கேலி செய்வேன். எதிரே இருக்கும் தையல் கடை என்னுடையது. கேலிக்கு அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் வெளியூர் கிதார் பட்டறை ஒன்று அவரை வேலைக்குக் கூப்பிட்டது. கிதார் செய்ய வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. மச்சான் தடுக்கவில்லை. "தாராளமா போங்க மாப்ளே. எனக்குத்தான் கம்பியில ஒரு மண்ணும் தெரியாது" என்று கையை விரித்தார். எந்தக் கிதாருக்கு எந்தக் கம்பி என்று ஒவ்வொரு இழுப்பறையிலும் சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, இவர் இரண்டு நாள் பட்டறையைப் பார்க்கப் போனார்.

திரும்பி வந்தபோது கடையில் மியூசிக் டீச்சர் அழாத குறையாக நின்றிருந்தார். அவருடைய பழைய கிளாசிக்கல் கிதாரில் மச்சான் எஃகுக் கம்பி பூட்டியிருந்தார். இழுவை தாங்காமல், கம்பிகளைப் பிடித்திருந்த பிரிட்ஜ் பிய்ந்து வந்துவிட்டது.

"சீட்டைப் படிச்சும் மண்டையில ஏறல மாப்ளே. நீங்க இல்லேன்னா கடை அவ்ளோதான்" என்றார் மச்சான்.

கம்பிக்காரர் என் கடைக்கு வந்து பட்டறைக்குப் போன் செய்தார். "வர முடியாதுங்க."

"உங்க மச்சானுக்குப் புரியலேன்னா நீங்க ஏன் சாகணும்?" என்று கத்தினேன்.

"நான் போனா அடுத்த வாரம் இன்னொருத்தர் கிதார் போயிடும்ணே" என்றார்.

மனசு கேட்காமல் சாயங்காலம் அவர் கடைக்குப் போனேன். பிரிட்ஜில் பசை தடவி, கிளாம்ப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். மச்சான் நல்ல குஷியில் டீயை நீட்டினார்.

"பசை காயட்டும் மாப்ளே. அதுக்குள்ள கம்பி எடுத்து வைக்கிறேன்" என்றவர், சீட்டு எதையும் பார்க்காமல் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தார். நைலானிலேயே இழுவை குறைந்த கட்டாகத் தேடி எடுத்தார். "பழைய மரம் பாருங்க, இதுதான் தாங்கும்."

கம்பிக்காரர் அந்தக் கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அந்த மச்சானின் சட்டையைப் பிடிக்கலாம்போல வந்தது. கம்பிக்காரர் குனிந்து, கிளாம்ப்பின் திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.